கிளுவை வேலி ஓரமா கேட்ட கேள்வி

எந்த சொத்து கேஸா இருந்தாலும் பிராது எழுதறதுக்கு முன்னாடி காட்டை ஒருக்கா நடந்து பாத்துருவேன். பட்டா, எஃப்எம்பிங்கற அளவு வரைபடம் எல்லாம் டேபிள்ல இருந்தாலும் கால்ல நடந்தாத்தான் எனக்கு கேஸ் பிடிபடும். நடக்கறது புதுசில்ல, மாசி பொறந்து பாதை விட்டா வெள்ளியங்கிரி ஏழு மலையும் ஏறிருவேன், மத்த ஞாயித்துக்கிழமைல காங்கயம் பக்கம் கொறங்காட்டுல, அதான் வேலி போட்ட மேய்ச்சக் காட்டுல, கவுதாரி, ஆள்காட்டின்னு பறவை பாத்துட்டு சுத்துவேன்.

பங்கு கேட்டு கேஸ் போடலாமான்னு எங்கிட்ட ஒரு அக்கா வந்தாங்க. அந்தக்காவோடதும் கொறங்காடுதான். பூர்வீகம், அண்ணன் அனுபவத்துல இருக்கு, பாகப்பிரிவினை ஆகல. 1989-ல தமிழ்நாட்டு சட்டம் பொண்ணுகளுக்கும் பங்குன்னு சொன்னப்ப அது கல்யாணம் ஆகாதவங்களுக்கு மட்டும்தான், இவங்களுக்கு அதுக்கு முன்னயே ஆயிருச்சு, சரி நமக்கில்லைன்னு விட்டுட்டாங்க. 2005-ல மத்திய சட்டம் அந்த வித்தியாசத்த எடுத்துருச்சு, அப்பவும் அப்பன் அதுக்கு முன்னயே தவறியிருந்தா கெடையாதுன்னு ஒரு வாதம் ஓடிட்டே இருந்துச்சு, 2020 ஆகஸ்ட்ல வினீதா சர்மா தீர்ப்புல சுப்ரீம் கோர்ட் அதையும் முடிச்சு வெச்சுது. பலமான கேஸ்.

அந்தக்காவோட காட்டை நடந்து பாத்தோம். உயிர்வேலியில ஒரு பக்கம் கிளுவை முள்ளுச்செடி காஞ்சுபோய் அண்ணன் புதுப் போத்து, வெட்டின கிளை, நட்டிருந்தாரு. அந்தக்கா குனிஞ்சு தொட்டுப் பாத்து, "தளுத்துருச்சு"ன்னாங்க. அப்புறம்தான் கேட்டாங்க. "ஏனுங் தம்பி, கேஸ் போட்டுட்டா தையில பையன் கல்யாணத்துக்கு தாய்மாமன் சீரு யாரு கொண்டாருவா? உங்க அக்காவா இருந்தா என்ன சொல்லுவீங்க?"

"இப்ப போடலைன்னாலும் பங்கு போயிராதுங்க்கா, எதுலயும் கையெழுத்து மட்டும் போடாம இருந்தாப் போதும். மத்தது நீங்கதானுங்க முடிவு பண்ணோணும்"னேன். என் அக்காவா இருந்தா என்னங்கறதுக்கு பதில் சொல்லல.

கொஞ்ச நாள்ல அந்தக்கா தன் பங்க விட்டுக்குடுத்து அண்ணனுக்கு விடுதலைப் பத்திரம் ரிஜிஸ்டர் பண்ணிக் குடுத்துட்டாங்க.

சட்டத்தச் சொல்லியாச்சு, குடும்பத்த நடத்தறது நம்ம வேலை இல்ல, அப்படித்தான் சீனியர் கிட்ட கத்துக்கிட்டேன், அது சரியும்கூட. ஆனா வண்டித்தடத் தகராறுல பங்காளிக ரெண்டு பேரையும் உக்கார வெச்சு ராஜியாப் போங்கன்னு மூஞ்சிக்கு நேரா சொல்றவனும் நான்தான். அங்க மட்டும் எப்படி வாய் வருது? அங்க ரெண்டு தரப்பும் சமம், இங்க நான் ஒரு வார்த்தை சாஞ்சு சொன்னா அவங்க அதையே புடிச்சுக்குவாங்கன்னு பயந்தேன். அந்த பயம் நியாயமானதுதான்னு இப்பவும் நெனைக்கறேன். வேற யாருகிட்டயும் அவங்க கேக்க முடியாதுங்கறதும் எனக்கு அப்பவே தெரியும்.

கல்யாணத்துக்குப் போயிருந்தேன். சீர்த்தட்டு வரிசையா வந்துச்சு, அண்ணன் முன்னால, அந்தக்கா மொகத்துல அத்தன சந்தோசம். நல்ல வேளை கேஸ் போடலைன்னு எனக்கே தோணுச்சு. பந்தியில எனக்கு இலை போட்டுட்டு அவங்களாத்தான் சொன்னாங்க, "நீங்க அன்னிக்கு ஒரு வார்த்தை அழுத்திச் சொல்லீருந்தா கையெழுத்துப் போட்டிருக்க மாட்டனுங் தம்பி."

நல்லவேளை சொல்லலைங்கறாங்களா, ஏன் சொல்லலைங்கறாங்களான்னு கேக்கறதுக்குள்ள அடுத்த இலைக்குப் போயிட்டாங்க.