தடைக்காலத்தில் ஒரு ஜாபர் சர்வர்

மாசி மாதம் சித்தப்பாவின் போன் வலை இழுக்கும்போது கடலில் விழுந்தது. சிம் யார் பெயரில் வாங்கியது என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. நம்பர் போனதோடு வாட்ஸ்அப் குரூப்பும் போச்சு. நம்பரே கேட்காத மெசேஜ் சர்வர் ஒன்றை வீட்டுக்குள் ஓட்டிப் பார்க்கலாமே என்ற ஆசை அன்றைக்கு வந்ததுதான். ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியது. பாம்பன் தெற்குவாடியில் விசைப்படகுகள் கட்டிக் கிடக்க, சித்தப்பாவுக்கு 61 நாள் ஓய்வு. சோதனைக்கு ஆள் கிடைத்தாயிற்று.

முதலில் எலிமென்ட் என்ற மெசேஜ் செயலியைப் போடலாம் என்றுதான் நினைத்தேன். 2023 மே மாதம் மத்திய அரசு முடக்கிய 14 செயலிகளில் அதுவும் இருந்தது நினைவுக்கு வர, வம்பு வேண்டாம் என்று எக்ஸ்எம்பிபி என்ற மெசேஜ் முறைப் பக்கம் போனேன். 1999-இல் ஜாபர் என்ற பெயரில் வந்த பழைய சரக்கு. முகவரி மின்னஞ்சல் மாதிரி இருக்கும். யார் எந்த சர்வரில் கணக்கு வைத்திருந்தாலும் பேசிக்கொள்ளலாம். அதற்கு ஆண்ட்ராய்டில் செயலி கான்வர்சேஷன்ஸ். எஃப்-டிராய்டு என்ற இலவசச் செயலிக் கடையில் சும்மா கிடைக்கும். சென்னையில் இருக்கும் அக்காவிடம் ஐபோன், அதில் மோனல்.

சர்வரை வீட்டிலேயே ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினியில் புரோசடி என்ற சர்வர் மென்பொருளைப் போட்டு வைத்தேன். அது எழுந்து நிற்பதற்கே இரண்டு வாரம். நம் பக்கத்து இணைப்பில் பல வீட்டுக்கு ஒரே ஐபி, அதாவது ஒரே இணைய முகவரி; வெளியிலிருந்து என் சர்வரைத் தேடி வர வழியில்லை. தனி ஐபிக்கு மாதாமாதம் கூடுதல் காசு. சரி, கட்டினேன். ரௌட்டரில் 5222, 5269 என்ற இரண்டு போர்ட்டையும் (வெளி இணைப்பு நுழையும் வாசல்கள்) திறந்துவிட்ட பிறகுதான் வெளியிலிருந்து முதல் மெசேஜ் உள்ளே வந்தது. அதுவரை காத்திருக்கப் பொறுமையில்லாமல் அக்காவும் சித்தப்பாவும் ஆளுக்கொரு பொது சர்வரில் கணக்குத் தொடங்கிவிட்டார்கள். என் சர்வரில் நானும் அம்மாவும் மட்டும்.

அம்மாவுக்கு மெசேஜ் வரவே வராது; செயலியைத் திறந்தால் பத்து ஒன்றாகக் கொட்டும். போன் பேட்டரியை மிச்சப்படுத்துகிறேன் என்று செயலியைத் தூங்க வைத்திருந்தது. அந்தக் கட்டுப்பாட்டை எடுத்ததும் சரியானது.

மே கடைசியில் கச்சான் காற்று பலமாக அடித்து ஒரு மாலை முழுக்கக் கரண்டு இல்லை. பை அணைந்தது. கொஞ்ச நேரத்தில் சித்தப்பா வாசலில் நிற்கிறார்.

"ஏன்டா, ஒங்க வீட்ல கரண்டு போனா எங்க குரூப்பு எதுக்குடா சாவுது?"

பதில் சொல்ல முடியவில்லை. அதே நேரம் அக்காவும் அவரும் தனியாக அனுப்பிக்கொண்டது ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது, ஏனென்றால் அந்த வழியில் என் வீடு கிடையாது. குரூப் மட்டும் நான் தொடங்கியது. எக்ஸ்எம்பிபியில் குரூப் தொடங்கிய சர்வரிலேயேதான் குடியிருக்கும். எலிமென்ட் ஓடும் மேட்ரிக்ஸ் முறை என்றால் உறுப்பினர்களின் சர்வர் ஒவ்வொன்றிலும் ஒரு பிரதி இருந்திருக்கும். 'மையம் கிடையாது' என்று இத்தனை நாள் பீற்றிக்கொண்டு, குடும்பத்துக்கு மையமாக என் வீட்டு மீட்டர் பெட்டியை வைத்திருக்கிறேன்.

பைக்கு 5 வோல்ட்டும் ரௌட்டருக்கு 12 வோல்ட்டும் தருகிற சின்ன யுபிஎஸ் ஒன்று வாங்கினேன். அடுத்த காற்றில் யுபிஎஸ் தாங்கியது, ஆனால் தெருமுனையிலிருந்த இணைய இணைப்புப் பெட்டி செத்தது. அப்புறம் குரூப்பை அக்காவின் சர்வரில் புதிதாகத் தொடங்கினோம். அதுவும் ஒரே இடம்தான், ஆனால் அங்கே கச்சான் அடிக்காது.

தடை முடிந்து சித்தப்பா கடலுக்குப் போனார். மறுநாள் காலை, டவர் கிடைத்ததும் குரூப்பில் அவர் குரல்: "வந்துட்டோம், ஐஸ் பெட்டியக் கொண்டா."

புது நம்பர் வாட்ஸ்அப்பிலும் அதையே அனுப்பியிருந்தார்.