அஞ்சாங்கல் சண்டையும் அதற்குப் பிறகும்

ஜூலை 8, 2025, செவ்வாய்

சிங்கப்பூரில் இளையர் தின விடுமுறை முடிந்து இன்றுதான் பள்ளி. இன நல்லிணக்க நாளில் பிள்ளைகள் விளையாடுவதற்காக அஞ்சாங்கல், காலால் தட்டி விளையாடும் இறகுப்பந்தான சாப்தே எல்லாம் வந்து இறங்கியிருக்கின்றன. இங்கே அஞ்சாங்கல் என்பது கல் இல்லை. உள்ளே அரிசியோ பயறோ வைத்துத் தைத்த சின்னத் துணிப்பைகள். இடைவேளையில் நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் அந்தப் பையை இன்னொருவன் முகத்தைப் பார்த்து வீசிவிட்டான். தையல் பிரிந்து சிற்றுண்டிச்சாலைத் தரையெல்லாம் பச்சைப்பயறு.

கடமையில் இருந்த ஆசிரியர் இருவரையும் நிறுத்தி, “ரெண்டு பேரும் சாரி சொல்லுங்க, கை குடுங்க” என்றார். சொன்னார்கள், கை குலுக்கினார்கள். மணியும் அடித்தது. அவரைக் குறை சொல்ல மாட்டேன். மூன்றாம் வகுப்புக்கு மேல் ஒரு வகுப்பில் 40 பிள்ளைகள் வரை இருப்பார்கள். அரை மணி நேர இடைவேளையில் சண்டையை ஆற அமர விசாரிக்க யாருக்கு நேரம்? ஆனால் அந்த இரண்டு பையன்களும் கை குலுக்கும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவே இல்லை.

ஜூலை 9, புதன்

இருவரும் என் தமிழ் வகுப்புதான். வெவ்வேறு வகுப்பிலிருந்து தமிழுக்கு மட்டும் என்னிடம் வருகிறவர்கள். இன்று குழு வேலைக்குச் சேர்ந்து உட்கார மாட்டோம் என்றார்கள். நேற்றே முடிந்தது என்று பதிவாகிவிட்ட சண்டை!

தனித்தனியாகப் பேசினேன். உறவைச் சீராக்கும் அணுகுமுறையில் கேட்கும் கேள்விகள் எனக்குப் பழக்கம்: என்ன நடந்தது, அப்போது என்ன நினைத்தாய், யாருக்கு எப்படி வலித்தது, சரிசெய்ய என்ன செய்யலாம். “ஏன் செய்தாய்?” என்று மட்டும் ஆரம்பிக்கக் கூடாது. அப்படிக் கேட்டால் பிள்ளை நம்மிடமே வழக்காடத் தொடங்கிவிடும்.

அடிபட்ட பையன் போன வருடம்தான் தமிழ்நாட்டிலிருந்து குடும்பத்தோடு வந்தவன். “எங்க ஊர்ல இத பொண்ணுங்கதான் விளையாடுவாங்கன்னு சொன்னேன் டீச்சர், அவ்ளோதான்” என்றான். பை வீசியவன் இங்கேயே பிறந்தவன். வெகுநேரம் பேசாமல் நின்றான். பிறகு, “நான் சத்தமா வாசிச்சப்ப அவன் சிரிச்சான்” என்றான். அது போன மாதத்துக்கும் முந்தைய கதை. இவன் வீட்டில் தமிழ் குறைவு. ழகரம் வராது, தடுமாறித்தான் வாசிப்பான். அந்தச் சிரிப்பை இத்தனை நாளும் மனத்துக்குள் வைத்திருந்திருக்கிறான். பச்சைப்பயறு வெறும் சாக்குப்போக்குத்தான்.

ஜூலை 10, வியாழன்

ஒரு அம்மா தொலைபேசியில் அழைத்தார். “அந்தப் பையன வேற கிளாசுக்கு மாத்திடுங்க டீச்சர்.” அவர் பதற்றம் புரிகிறது. ஆனால் நான்காம் வகுப்புக்கு எங்கள் பள்ளியில் ஒரே ஒரு தமிழ் வகுப்புதான். ஆறாம் வகுப்பு முடியும்வரை இந்தப் பிள்ளைகள் ஒரே அறையில் சேர்ந்துதான் இருக்கப் போகிறார்கள். பிரித்து வைப்பது என்ற சுலபமான வழி தமிழாசிரியருக்கு இல்லை. அது நல்லதுக்குத்தான் என்று நினைக்கிறேன்.

மாலையில் ஆசிரியர் அறையில் இதே பேச்சு. எங்களில் மூத்த அக்கா, “அந்தக் காலத்துல பிரம்பக் காட்டினாலே அடங்கிடுவாங்க” என்றார். இப்போது விதிமுறை தெளிவு: மாணவிகளுக்குப் பிரம்படியே கிடையாது, பையன்களுக்கும் கடுமையான குற்றத்துக்குக் கடைசி வழியாக மட்டும், அதையும் தலைமையாசிரியரோ அவர் அனுமதி பெற்றவரோதான் கொடுக்கலாம். அக்காவுக்கும் அது தெரியும். அவர் தேடுவது பிரம்பை அல்ல, சண்டை சட்டென்று ஓய்ந்துவிடும் அந்த அமைதியை.

எனக்குப் பயிற்சியில் பார்த்த, மோதலைக் கையாளும் வழிகளைக் காட்டும் தாமஸ், கில்மன் இருவரின் வரைபடம் நினைவுக்கு வந்தது. 1974இல் வந்தது. போட்டியிட்டு வெல்வது, விட்டுக்கொடுப்பது, ஒதுங்கிப்போவது, பாதிக்குப் பாதி சமரசம், சேர்ந்து தீர்வு காண்பது என்று ஐந்து வழிகள். தலைக்கு மேல் வேலை இருக்கும்போது ஆசிரியர்கள் முதலாவதையோ மூன்றாவதையோதான் கையில் எடுக்கிறோம்: ஒரு அதட்டல், இல்லையென்றால் “போய் உட்கார், அப்புறம் பேசலாம்”. அந்த அப்புறம் பெரும்பாலும் வருவதில்லை.

ஜூலை 15, செவ்வாய்

இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்துப் பேசவிட்டேன். சிரித்தவனுக்குத் தான் சிரித்ததே நினைவில் இல்லை! கேட்டதும் முகம் வாடிவிட்டது. “எனக்கும் இங்க இங்கிலீஷ் வாசிக்கும்போது அப்படித்தான் இருக்கு” என்றான். யாரும் சொல்லிக்கொடுத்து வராத வார்த்தை அது. மன்னிப்பு கேட்கச் சொல்லவில்லை. என்ன செய்யலாம் என்று மட்டும் கேட்டேன். பிரிந்த பையைச் சேர்ந்து தைப்பதாக முடிவு செய்தார்கள். ஊசி நூல் என் மேசையில் இருந்தது, கோணல்மாணலாகத் தைத்தார்கள்.

ஜூலை 21, திங்கள்

இன நல்லிணக்க நாள். வேட்டி, சேலை, சீனர்களின் சியோங்சாம், மலாய்க்காரர்களின் பஜு குரோங் எல்லாம் பளபளத்தன. 1964 ஜூலை 21இல் நடந்த கலவரத்தை நினைவுகூரும் நாள் என்பதைக் காலைக் கூட்டத்தில் சொன்னார்கள். வேறு இனத்தவரோடு இணங்கி வாழப் பிள்ளைகளுக்கு நாம் நிறையச் சொல்லித்தருகிறோம். ஒரே இனத்துக்குள், ஒரே மொழி வகுப்புக்குள், இங்கேயே பிறந்தவனும் வந்து சேர்ந்தவனும் மோதிக்கொள்வதற்கு எந்த நாளும் ஒதுக்கவில்லை.

ஜூலை 24, வியாழன்

பையன்கள் சண்டை போட்டால் எல்லா ஆசிரியரும் ஓடுகிறோம். இன்று நான் பார்த்ததற்கு யாரும் ஓடியிருக்க மாட்டார்கள். இரட்டைப் பின்னல் போட்ட ஒரு பெண் உணவுத் தட்டோடு ஒரு மேசைக்குப் போனாள். அங்கிருந்த மூன்று பேரும் பேச்சை நிறுத்திவிட்டு, பையை எடுத்துக் காலியாக இருந்த இடத்தில் வைத்தார்கள். அவள் வேறு பக்கம் போய்விட்டாள். சத்தமில்லை, அடியில்லை, ஒழுங்குமுறை ஆசிரியரின் பதிவேட்டில் எழுத எதுவுமில்லை. ஒன்பது, பத்து வயதில் இந்த ஒதுக்கல் ஒரு அடியைவிட அதிகமாக வலிக்கும். இதையும் சண்டையாகவே எண்ணி, அதே அக்கறையோடு விசாரிக்க வேண்டும்.

நாளைக் காலை அவளுடைய வகுப்பாசிரியரிடம் பேசப் போகிறேன். மூன்று பெண்களையும் கூட்டி வைத்து அதட்ட வேண்டாம் என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். அதட்டினால் “மாட்டிவிட்டாள்” என்ற பெயர் அவளுக்குத்தான் வரும். முதலில் அவளிடம் மட்டும், பிறகு அந்த மூவரிடமும் தனித்தனியாக. பள்ளி ஆலோசகர் வெள்ளிக்கிழமை இருப்பார். அவரிடமும் சொல்லிவைக்கிறேன்.