பதினொன்றாவது குறிப்பு

பத்துக் குறிப்புகளோடு நிறுத்தியிருக்கலாம். பதினொன்றாவதை ஏன் எழுதினேன் என்பது எனக்குத் தெரியும். ஒப்புக்கொள்ளத்தான் மனம் வரவில்லை.

"இந்தப் பகுதி தேவையா என்று யோசித்துப் பார்க்கவும்." ஆறே சொற்கள். ஒற்றுப்பிழைகூட இல்லை.

அவன் என் மாணவன், சிங்கப்பூர்ப் பள்ளியில் உயர்நிலை இரண்டு. பாடவேளை முடிந்து எல்லாரும் கிளம்பிய பிறகும் பையை மாட்டிக்கொண்டு மேசைப் பக்கமே நின்றான்.

"சார், ஒரு வெப்சைட் செஞ்சிருக்கேன். ஹோம்வொர்க்கெல்லாம் போட்டு வைக்கிறதுக்கு. பாத்துட்டு சொல்றீங்களா?"

"யாருக்குப்பா?"

"நமக்குத்தான் சார். தமிழ் கிளாசுக்கு."

'எங்களுக்கு' என்று சொல்லவில்லை, 'நமக்கு' என்றான். இலக்கணம் நடத்துகிறவன் அதைக் கவனித்திருக்க வேண்டும்.

தமிழ் வகுப்புக்குத் தனியாக ஒன்று ஏன் வேண்டும் என்று அவன் விளக்கவே வேண்டியதில்லை. தாய்மொழிப் பாடவேளை வந்தால் ஐந்து வகுப்புகளிலிருந்து நம் பிள்ளைகள் கிளம்பி ஒரு சின்ன அறைக்கு வந்து சேர்வார்கள். வெண்பலகை ஓரத்தில் அன்றன்றைய வீட்டுப்பாடத்தை எழுதிவைக்கும் வழக்கம் அவரவர் வகுப்பில்தான் நடக்கும். நான் கொடுத்தது எந்தப் பலகையிலும் ஏறாது. 2024-இல் உயர்நிலை ஒன்றுக்கு வந்தவர்களிலிருந்து விரைவுநிலை, வழக்கநிலை என்ற பிரிவுகள் போய், ஒரே வகுப்பில் ஒருவன் ஜி3 நிலைக் கணிதமும் பக்கத்தில் இருப்பவன் அதைவிட எளிதான ஜி2 நிலைக் கணிதமும் படிக்கிறார்கள். தமிழாசிரியர்கள் பல காலமாகப் பட்டுவந்த பாடு இப்போது மற்றவர்களுக்கும் கொஞ்சம் புரிகிறது. எஸ்எல்எஸ் என்கிற இணையக் கற்றல் தளத்தில் ஏற்றிய வேலை எஸ்எல்எஸ்-இல் இருக்கும், தாளில் கொடுத்தது பையின் அடியில் இருக்கும், வாயால் சொன்னது டெலிகிராம் குழுவில் யாராவது கேட்டால் உண்டு. வீட்டுப்பாடம் குறித்துக்கொள்ளும் மாணவர் கையேட்டை ஜனவரிக்குப் பிறகு நான் யார் கையிலும் பார்த்ததில்லை.

அவன் செய்தது இதற்கு நேரான மருந்து. பட்டியல் வகுப்புக்கு இல்லை, ஆளுக்கு ஒன்று. எந்த வகுப்பில் இருந்தாலும் அவரவர் பாடங்கள் மட்டும் தேதி வாரியாக வரும். முடித்ததும் தட்டினால் ஒரு சின்னக் கட்டம் திறக்கும்: 'எத்தனை நிமிடம் ஆனது?' விருப்பமிருந்தால் எழுதலாம். பெயர் தெரியாது, சராசரி மட்டும் பட்டையாகக் கீழே நிற்கும்.

அன்றிரவு வீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். முதலில் கண்ணில் பட்டது 'வீட்டுபாடம்'. ப் இல்லை. அது முதல் குறிப்பு. எழுத்து சிறியது, மஞ்சள் பின்னணி கண்ணைக் குத்துகிறது, கைப்பேசியில் தேதி பாதி மறைகிறது என்று அடுத்தடுத்து எழுதினேன். ஆறாவது உண்மையிலேயே முக்கியம். உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவதற்காக, தகவல் சேரும் கூகல் விரிதாளையும் எனக்குப் பகிர்ந்திருந்தான். அதில் பதினேழு பிள்ளைகளின் பதிவு எண்ணும் நான்கு இலக்க ரகசிய எண்ணும் அப்படியே கிடந்தன. இந்த வயதில் கைப்பேசிக்கும் அதே எண், எல்லாவற்றுக்கும் அதே எண். அந்த இணைப்பு ஒருவன் கையில் கிடைத்தால் போதும். 2012-இன் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தையும் குறிப்பிட்டு எழுதினேன். (தனிப்பட்ட முறையில் ஏதாவது செய்கிற தனிமனிதரை அந்தச் சட்டம் கட்டுப்படுத்தாது என்று பிறகு படித்தேன். எச்சரிக்கை சரி, மிரட்டல்தான் பொருந்தவில்லை.)

அப்புறம் கீழே இறங்கினேன். பட்டைகள். கணிதம் 35 நிமிடம். அறிவியல் 40. ஆங்கிலம் 50. தமிழ், 1 மணி 50 நிமிடம். திரையின் ஓரம் வரைக்கும் நீண்டு நின்றது.

"அரை மணி நேர வேலைதான்" என்று சொல்லி நான் கொடுத்த கட்டுரை அது.

ஒன்பது பேர் எழுதியதன் சராசரி, இதை எப்படி நம்புவது? நடுவில் சாப்பிட்டிருப்பான், வாட்ஸ்அப் பார்த்திருப்பான், அதையும் சேர்த்து எழுதியிருப்பான். யாராவது பெற்றோர் இதைப் படம் பிடித்து அனுப்பினால் பதில் சொல்ல வேண்டியது யார்? இவை எல்லாம் நியாயமான கேள்விகள்தான், இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் அந்த நீளப் பட்டை கணிதத்துடையதாக இருந்திருந்தால், 'மிகவும் பயனுள்ள பகுதி' என்று முதல் குறிப்பாகவே எழுதியிருப்பேன். ஆசிரியர் அறையில் சிரித்துக்கொண்டே காட்டியும் இருப்பேன்.

அந்த நேரம் எங்கே போகிறது என்று எனக்குத் தெரியாதா என்ன? ஆங்கிலத்தில் யோசித்து, ஆங்கிலத்தில் எழுதி, சொல் சொல்லாகத் தேடித் தமிழாக்கி, அது கட்டுரை போல இல்லை என்று தெரிந்து அழித்து, மறுபடியும் தொடங்குகிறார்கள். தெரிந்துதான் அரை மணி என்று சொல்லிவந்தேன். அதிகமாகச் சொன்னால் பயந்துவிடுவார்கள் என்பது என் வாதம். அது அவ்வளவு மோசமான வாதமும் இல்லை.

திங்கட்கிழமை தாளை வாங்கி நின்றபடியே படித்தான். ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினான். கடைசியில் நிமிர்ந்தான்.

"இது ஏன் சார்?"

"வேணும்னா வச்சுக்கோப்பா. யோசின்னுதானே சொல்லியிருக்கேன்."

"சரி சார்."

இந்த இடத்தைத்தான் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறேன். 'யோசி' என்று ஆசிரியர் சொன்னால் 'எடு' என்று பொருள். அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். காரணம் கேட்டான், நான் உரிமையைக் கொடுத்ததுபோல் பேசித் தப்பித்தேன். "என் கட்டுரைக்கு இவ்வளவு நேரம் ஆகிறதா?" என்று அவனையே கேட்டிருக்கலாம். அதற்கு அரை நிமிடம்கூட ஆகியிருக்காது.

இரண்டு வாரத்தில் எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டான். 'ப்' வந்தது, ரகசிய எண்கள் கண்ணில் படாமல் போயின, மஞ்சள் வெளுத்தது. நிமிடக் கட்டமும் இல்லை. இன்னும் ஒரு மாதத்தில் பக்கமே திறக்கவில்லை. ஆண்டிறுதித் தேர்வு நெருங்குகிறது, இணைப்பாட நடவடிக்கை வேறு, பையனுக்கு நேரமில்லை என்று நானே சொல்லிக்கொண்டேன். மூத்த ஆசிரியை ஒருவரிடம் பேசியபோது, "நீங்க செஞ்சதுதான் சரி, பிள்ளைங்க தகவல் வெளியே போனா யாரு பொறுப்பு?" என்றார். அவரிடம் நான் ஆறாவது குறிப்பை மட்டும்தான் சொல்லியிருந்தேன்.

அவனுடைய கூட்டாளி ஒருத்தனிடம், ஏன் இப்போது யாரும் அதைப் பயன்படுத்துவதில்லை என்று சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டேன்.

"டேட் எல்லாம் டெலிகிராம்லயே கேட்டுக்கலாம் சார். மத்தவங்களுக்கும் இவ்ளோ நேரம் ஆச்சான்னு பாக்கத்தான் உள்ள போவோம்."

நான் புகாராகப் படித்ததை அவர்கள் துணையாகப் படித்திருக்கிறார்கள். அல்லது இவன் ஒருவன் மட்டும் அப்படிச் சொல்கிறானா? ஒருத்தன் பேச்சை வைத்து எதையும் முடிவு கட்ட முடியாது. ஒன்பது பேர் சராசரியையே நம்பாதவன் நான்.

இப்போதெல்லாம் கட்டுரைகளை வாங்கும்போது, "எவ்வளவு நேரம் ஆச்சு?" என்று வாய்விட்டே கேட்கிறேன்.

"அரை மணி நேரம் சார்" என்கிறார்கள், ஒரே குரலில். மூன்றாவது வரிசையிலிருந்து அவனும்.