98-ம் 100-ம்

பழைய கார் உதிரிப் பாகங்கள் விற்கும் சென்னைப் புதுப்பேட்டைக்கு இனித் தனியாகப் போகக் கூடாது என்று வீட்டில் எனக்குத் தடை இருக்கிறது. முன்பு அங்கே போய் மூன்று குரல் ஹாரன் வாங்கி வந்த விவகாரத்துக்குப் பிறகு வந்த தடை. நேற்று ஞாயிற்றுக்கிழமை, கத்தரிக்காய் வாங்கப் போன கையோடு அதை மீறிவிட்டேன். திரும்பும்போது ஆட்டோவில் கத்தரிக்காயும் இருந்தது, காருக்கு மாட்டும் நான்கு அலாய் வீல்களும், அதாவது அலுமினியக் கலவைச் சக்கரங்களும் இருந்தன.

பளபளவென்று இருந்தன. கடைக்காரர், "நாலு போல்ட் சின்னக் கார் எல்லாமே நூறுதான் சார், கண்ணை மூடிக்கொண்டு மாட்டலாம்" என்றார். கண்ணை மூடுகிற வேலையை நான் வாங்கும்போதே செய்துவிட்டேன்.

அவரைப் பொய்யர் என்று சொல்ல முடியாது. வீலில் உள்ள போல்ட் ஓட்டைகளின் மையங்கள் வழியாக ஒரு வட்டம் போட்டால் அதன் விட்டம்தான் பி.சி.டி. ஸ்விஃப்ட், ஐ10, சான்ட்ரோ எல்லாவற்றுக்கும் அது 100 மில்லிமீட்டர். ஆனால் எங்கள் வீட்டில் நிற்பது ஃபியட் பாலியோ. ஃபியட்காரர்களுக்கு 98. ஆல்ஃபா ரோமியோ, லான்சியா என்று அவர்கள் சொந்தபந்தத்திலும் இந்த 98 உண்டு. ஊரே முழு நூறு என்று வைத்திருக்கும்போது இத்தாலிக்காரர் இரண்டைக் குறைத்து வைத்ததில் எனக்குத் தனிப்பட்ட முறையில் வருத்தம் இருக்கிறது.

நான் அளக்காமல் இல்லை. அம்மாவின் தையல் டேப்பால் அளந்தேன். எத்தனையோ கல்யாண ரவிக்கைகளை அளந்து அளந்து தானும் இளகிப்போன டேப் அது. வீலில் வைத்தால் ஏறக்குறைய பத்து சென்டிமீட்டர். காரில் வைத்தாலும் ஏறக்குறைய பத்து. ரவிக்கையில் ஏறக்குறைய என்றால் உள்தையலைப் பிரித்துக் கொஞ்சம் விட்டுக்கொள்ளலாம். அலுமினியத்தில் உள்தையல் கிடையாது.

தெருமுனை மெக்கானிக் அண்ணனை அழைத்து வந்தேன். ஜாக்கி ஏற்றி, பழைய இரும்பு வீலைக் கழற்றி, புதியதை வைத்தார். முதல் போல்ட் வெண்ணெய் போல இறங்கியது. நான் அப்பாவைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தேன். அதைத் தவிர்த்திருக்கலாம். அடுத்த போல்ட் பாதியில் முரண்டு பிடித்தது. முதல் போல்ட்டுக்கு நேர் எதிரே இருந்ததோ ஓட்டையின் ஓரத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது. ஒரு பக்கம் சரியாக உட்கார்ந்துவிட்டால் இரண்டு மில்லிமீட்டர் பாக்கி முழுவதும் எதிர்ப்பக்கத்தின் தலையில் விழுகிறது. கூட்டுக்குடும்பத்தில் வாழ்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

"இன்னும் கொஞ்சம் முறுக்கினால் இறங்கிவிடாதா அண்ணே?" என்றேன்.

"இறங்கும். அப்புறம் வீல் தான் உட்கார வேண்டிய ஹப்பில் பதியாமல் ஆடும், போல்ட் தளரும், ஒரு நாள் வண்டலூரில் வீல் மட்டும் முன்னால் போகும், நீங்கள் பின்னால் போவீர்கள்" என்றார்.

தெருவில் போன இரண்டு பேர் நின்றுவிட்டார்கள். ஒருவர் ஓட்டையை லேத்தில் கொஞ்சம் பெரிதாக்கிவிடலாம் என்றார். இன்னொருவர் நடுவில் அடாப்டர் தகடு வைக்கலாம் என்றார். தகடு வைத்தால் வீல் வெளியே தள்ளிக்கொள்ளும், பேரிங் சீக்கிரம் அழும் என்று மெக்கானிக் அண்ணன் இருவரையும் அனுப்பிவைத்தார். பிறகு யோசித்து, இதற்கென்றே வாபுள் போல்ட் என்று ஒன்று விற்கிறார்கள், தலைக்குக் கீழே தனியாக நகரும் வளையம் இருக்கும், அந்த இரண்டு மில்லிமீட்டரை அது சரிக்கட்டிக்கொள்ளும் என்றார்.

இதுவரை பிளாஸ்டிக் நாற்காலியில் பேப்பருக்குப் பின்னால் இருந்த அப்பா பேப்பரை மடித்தார்.

"வாபுள் என்றால்?"

"ஆடுவது, சார்."

"ஆடும் போல்ட் என்று பெயர் வைத்தே விற்கிறானா?"

காரைப் பூட்டிவிட்டு, பிடியை மூன்று முறை இழுத்துப் பார்த்து, பாதி வழியில் திரும்பி வந்து நான்காவது முறை இழுத்துப் பார்க்கும் மனிதரிடம் அதற்கு மேல் என்ன பேசுவது? நல்ல தயாரிப்பு என்றால் பாதுகாப்பாகத்தான் இருக்கும் என்று ஒரு முயற்சி செய்தேன். பேப்பர் மறுபடி விரிந்துவிட்டது. பழைய இரும்பு வீல் மாட்டப்பட்டது. கடைக்காரருக்குப் போன் செய்தேன். மாட்டிப் பார்த்த வீலைத் திரும்ப எடுப்பதில்லையாம்.

ராத்திரி தூக்கம் வரவில்லை. 100 பி.சி.டி. உள்ள பழைய கார்கள் என்ன விலைக்கு வருகின்றன என்று போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். சும்மா, ஒரு தகவலுக்காக. பக்கத்தில் தூங்குவதாக நான் நினைத்துக்கொண்டிருந்தவள், "கோவணத்தை எலி கடிக்கிறது என்று பூனை வாங்கி, பூனைக்குப் பால் வேண்டும் என்று மாடு வாங்கிய சாமியார் கதை தெரியுமா?" என்றாள். தெரியும் என்று சொல்லிப் போனை அணைத்தேன்.

காலையில் வீல்களை ஒளித்துவைக்க மாடிக்குப் போனால், அவை ஏற்கெனவே அங்கே இருந்தன. வெயிலில் அம்மாவின் பழைய நூல்புடவை, அதன் மேல் வரிசை வரிசையாக ஜவ்வரிசி வடாம், காற்றில் பறக்காமலிருக்க நான்கு மூலைக்கும் ஒவ்வொன்றாக என் அலாய் வீல். அப்பாதான் தூக்கி வந்து வைத்தாராம், துடைத்துவிட்டு.

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். "நாலுதான் வாங்கினாயா? ஸ்டெப்னிக்கு ஒன்று சேர்த்து வாங்கியிருக்கக் கூடாதா? இந்தப் பக்கம் நடுவில் தூக்குகிறது, பார்."