வைரஸ் அடங்கிருச்சு, வயிறு அடங்கல

ரத்தத்தில் எச்ஐவி வைரஸ் எவ்வளவு என்று அளக்கும் வைரல் லோடு ரிப்போர்ட்டில் ‘டார்கெட் நாட் டிடெக்டட்’, அதாவது கண்டறியும் அளவுக்கு இல்லை, என்று வந்துவிட்டது, ஆனாலும் வயிறு சரியாகவில்லை என்று சொல்கிறவர்களை எச்ஐவிக்கு மருந்து கொடுக்கும் ஏஆர்டி சென்டர் பெஞ்சில் அடிக்கடி பார்க்கலாம். நானும் அதில் ஒருவனாக இருந்தேன். யாரைக் கேட்டாலும் “மாத்திரை சூடு, மோர் குடிங்க” என்பார்கள். அது சூடு இல்லை, அதற்குப் பின்னால் வேறு கதை இருக்கிறது என்று புரியவே எனக்கு வெகு நாள் ஆனது. அதனால்தான் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

பாரிமுனைப் பக்கம் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறேன். முதலில் இடுப்பில் அக்கி வந்தது. கூடவே விட்டு விட்டு பேதி, பேன்ட் எல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது. அக்கியைப் பார்த்த தெரு கிளினிக் டாக்டர்தான், எதுவும் சுற்றி வளைக்காமல், அரசின் எச்ஐவி பரிசோதனை நடக்கும் நம்பிக்கை மையத்தில் ஒரு டெஸ்ட் எடுத்துவிடுங்கள் என்றார். அங்கே ஒரே கிட்டில் பார்த்து முடிவு சொல்வதில்லை, வெவ்வேறு கிட்டில் மறுபடி பார்த்துத்தான் சொல்வார்கள், காசும் கிடையாது. பாசிட்டிவ். அந்த நாளைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை, அதைத் தாண்டிப் போகிறேன்.

ஏஆர்டி சென்டரில் பதிவு, கவுன்சிலிங், சிடி4 (எச்ஐவி அழிக்கிற எதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கை), காசநோய் இருக்கிறதா என்ற கேள்விகள், கிட்னி, லிவர், மஞ்சள் காமாலை பி, சி எல்லாம் வரிசையாக நடந்தது. என் சிடி4 200க்குக் கீழே, அதாவது மிகவும் குறைவு. டிஎல்டி மாத்திரை, அதாவது டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்தது, ஒரு நாளைக்கு ஒன்று. அதோடு வேறு தொற்றுகள் வராமல் தடுக்க கோட்ரைமாக்சசோல் என்ற ஆன்டிபயாடிக். வரிசையில் ஒரு பெரியவர், தாம்பரம் சானடோரியத்தில் 2004 ஏப்ரலில் அரசு இலவச மருந்து ஆரம்பித்த காலத்து ஆள், “தம்பி, நாங்க சாப்பிட்ட ஸ்டாவுடின்ல கன்னமே ஒட்டிப் போயிடும், கால் எரியும். நீ ஒரு மாத்திரையோட வீட்டுக்குப் போற” என்றார். நியாயம்தான். ஆனால் பேதி நிற்கவில்லையே.

இங்கேதான் முதல் உருப்படியான விஷயம் நடந்தது. டாக்டர் மேடம் மோஷன் டெஸ்ட் எழுதும்போது, சாதாரண டெஸ்ட் மட்டும் இல்லாமல் தனிச் சாயம் போட்டுப் பார்க்கச் சொல்லி எழுதினார். கிரிப்டோஸ்போரிடியம், ஐசோஸ்போரா என்ற ஒட்டுண்ணிகள் வழக்கமான பார்வையில் தப்பிவிடும், அதற்கென்று கேட்டால்தான் தேடுவார்கள். சிடி4 குறைந்தவர்களுக்கு இது இரண்டும் நம் ஊரில் அரிதும் இல்லை. அந்தச் சாயம் போட ஒரு தனியார் லேபுக்குப் போனேன் (பெயர் வேண்டாம்). டப்பாவின் மேல் சிவப்பு மையில் என் பெயரையும் எச்ஐவி என்பதையும் பெரிதாக எழுதி, எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி கவுன்டரில் வைத்தார்கள். எச்ஐவி சட்டம் 2017லேயே வந்து 2018 செப்டம்பரில் அமலுக்கும் வந்துவிட்டது, என் சம்மதம் இல்லாமல் இதை வெளியே காட்டக் கூடாது என்று சொன்னேன். சத்தமெல்லாம் போடவில்லை. லேபிளைக் கிழித்து வேறு நம்பர் ஒட்டினார்கள். இந்தச் சட்டம் இருப்பதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், உதவுகிறது.

ஐசோஸ்போரா இருந்தது. கோட்ரைமாக்சசோல் அளவைக் கொஞ்ச காலம் கூட்டினார்கள், அப்புறம் பழைய அளவுக்கு இறக்கினார்கள். தண்ணீராகப் போவது நின்றது. சரி, முடிந்தது என்று நினைக்கும்போது உப்பசம், சாப்பிட்டவுடன் ஓடுவது, எடை ஏறாமல் நிற்பது எல்லாம் தொடர்ந்தது. ஆறு மாத வைரல் லோடு வந்து, வைரஸ் கண்டறியும் அளவுக்குக் கீழே போன பிறகும் இதே கதை.

மேடத்திடம் நேராகக் கேட்டேன்: “வைரஸ் ரத்தத்துல இல்லன்னு சொல்றீங்க, அப்போ வயித்துல என்ன நடக்குது?” அன்றைக்குக் கூட்டம் குறைவு, அது என் அதிர்ஷ்டம். உட்கார வைத்துச் சொன்னார்.

எச்ஐவியை நாம் ரத்த நோய் என்று நினைக்கிறோம், ஆனால் உடம்பின் எதிர்ப்பு அணுக்களில் பெரும்பகுதி குடல் சுவரில்தான் இருக்கிறது. தொற்று வந்த முதல் சில வாரங்களிலேயே, ரத்தத்தில் சிடி4 எண்ணிக்கை பெரிதாக இறங்குவதற்கு முன்பே, குடலில் உள்ள சிடி4 அணுக்கள் பெருமளவு அழிந்துவிடுகின்றன. அதிலும் டிஎச்17 என்ற வகை முதலில் காலி. குடலின் உள்பூச்சைக் கெட்டியாக வைத்திருக்க உதவுவது அந்த வகைதான். அது போனதும் சுவர் கசிகிறது. குடலுக்குள் இருக்க வேண்டிய பாக்டீரியாவின் துணுக்குகள் ரத்தத்துக்குள் வருகின்றன. உடம்பு அதைப் பார்த்து எந்நேரமும் சண்டைக்குத் தயாராகவே நிற்கிறது, அந்த அழற்சி பிற்காலத்தில் இதயம் வரைக்கும் தொல்லை கொடுக்கலாம். 2006ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் எச்ஐவி உள்ளவர்களின் ரத்தத்தில் பாக்டீரியா மேலுறையின் நச்சுப்பொருள் கூடுதலாக இருப்பதை அளந்து காட்டிய பிறகுதான் இந்தக் கோணம் பெரிதாகப் பேசப்பட்டது. மாத்திரை வைரஸ் பெருகுவதை நிறுத்துகிறது, கசிவும் குறைகிறது, ஆனால் நிறைய பேருக்கு முழுசாகப் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. மொட்டை மாடி ஒழுகலை அடைத்த பிறகும் சுவரில் ஓதம் காய நாளாகுமே, அந்த மாதிரி என்று நான் புரிந்துகொண்டேன்.

சுவர் மட்டும் இல்லை, உள்ளே குடியிருக்கிற கிருமிக் கூட்டமும் மாறுகிறது. மொத்தத்தில் வகைகள் குறையலாம்.

இதை வீட்டில் சொன்னேன். என் விஷயம் தெரிந்தவர்கள் வீட்டில் இரண்டே பேர், அதில் ஒருவன் மச்சான். அவன் விடுவானா? “மாமா, மலத்தைப் பெட்டியில போட்டு அனுப்பினா உங்க பாக்டீரியா ஜாதகமே வந்துடும்” என்று ஒரு விளம்பரம் அனுப்பினான், விலை ஆயிரக்கணக்கில். ஒரு மாதிரி ரிப்போர்ட்டும் இருந்தது, அதில் பிரிவோடெல்லா என்ற பாக்டீரியா அதிகம் என்று சிவப்பில் போட்டிருந்தார்கள். வாங்குவதற்கு முன் அந்தப் பக்கத்தை மேடத்திடம் காட்டினேன். அவர் சிரித்துவிட்டார். அரிசி, பருப்பு, காய்கறி சாப்பிடுகிற நம் ஆட்கள் குடலில் பிரிவோடெல்லா பொதுவாகவே நிறைய இருக்கும். எச்ஐவியையும் பிரிவோடெல்லாவையும் முடிச்சுப் போட்ட ஆரம்ப ஆராய்ச்சிகள்கூட, 2016ல் ஐரோப்பாவில் நடந்த ஒரு பெரிய ஆய்வு வந்ததும் தடுமாறின, ஏனென்றால் அந்த வித்தியாசம் ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்களிடம் எச்ஐவி இருந்தாலும் இல்லாவிட்டாலும் இருந்தது. வைரஸோடு சேர்ந்து வந்தது வகைகள் குறைவது. “இந்த ரிப்போர்ட்டைப் பார்த்து நான் எந்த மருந்தையும் மாத்தப் போறதில்ல சார். அந்தக் காசுக்கு முட்டை வாங்கிச் சாப்பிடுங்க.” எனக்கு இது போதும்.

அடுத்து மச்சான் புரோபயாடிக், அதாவது நல்ல கிருமிகள் அடங்கிய கேப்சூலோடு வந்தான். அதிலும் மேடம் யோசித்தார். எச்ஐவி உள்ளவர்களுக்கு புரோபயாடிக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் ஒன்றில் நன்றாக இருக்கும், இன்னொன்றில் ஒன்றும் இருக்காது. அதோடு கடைகளில் கிடைக்கும் சிலதில் உயிரோடு ஈஸ்ட் இருக்கிறது, எதிர்ப்பு சக்தி மிகவும் இறங்கியவர்களுக்கு அது அபூர்வமாக ரத்தத்தில் ஏறிவிடும். சிடி4 ஏறும் வரை வேண்டாம் என்றார். தயிருக்குத் தடை இல்லை.

கோட்ரைமாக்சசோலும் ஆன்டிபயாடிக்தானே, அது என் நல்ல கிருமிகளையும் கொல்லுமே, நிறுத்தலாமா என்று கேட்டதற்கு மட்டும் குரல் மாறியது. “அதைத் தொடாதீங்க.” சிடி4 350க்கு மேல் ஏறி, ஆறு மாதம் கழித்துப் பார்க்கும்போதும் அங்கேயே நின்றால் அவர்களே நிறுத்துவார்கள்.

எனக்குப் பலன் கொடுத்தது சாதாரண விஷயங்கள். பாலை நிறுத்தினோம். குடல் அடிபட்டிருக்கும்போது பால் சர்க்கரை செரிக்காது, கொஞ்ச நாளைக்காவது. பாரிமுனையில் வேலை பார்ப்பவன் டீக்கடையில் பால் இல்லாத டீ கேட்டால் மாஸ்டர் ஒரு பார்வை பார்ப்பார் பாருங்கள்! ஆனால் உப்பசம் பாதியாகக் குறைந்தது. அப்புறம் ஜெலுசில். வயிறு எரிந்தால் எல்லோரும் வாயில் போடுவதுதான், ஆனால் அதில் உள்ள அலுமினியமும் மெக்னீசியமும் டோலுடெக்ராவிரைப் பிடித்து வைத்துக்கொண்டு உடம்பில் சேர விடாது. டிஎல்டியை அதற்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போதான் போட வேண்டும். இரும்பு, கால்சியம் மாத்திரைக்கும் அதே இடைவெளி, அல்லது சாப்பாட்டோடு இரண்டையும் சேர்த்துப் போடலாம். வயிற்றுத் தொல்லை உள்ளவர்களுக்கு இதை முதலிலேயே சொல்ல வேண்டும் என்பேன்.

பழைய சோறு கேட்டேன், சென்னைக்காரன் கேட்காமல் இருப்பானா. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் குடல் நோய்களுக்குப் பழைய சோற்றை வைத்து ஆராய்ச்சி எடுத்திருக்கிறார்கள், அது வேறு நோயாளிகள் விஷயம். என் சிடி4 இருந்த நிலையில் ராத்திரி முழுக்க வெளியில் ஊறியது வேண்டாம் என்றார்கள். பிறகு எண்ணிக்கை ஏறியதும், காய்ச்சி ஆறிய தண்ணீர் ஊற்றி மூடி வைத்துச் சாப்பிட அனுமதி கிடைத்தது.

எங்கள் கூட்டத்தில் ஒரு அக்கா கேட்ட கேள்வியையும் சொல்லிவிடுகிறேன். பிறப்புறுப்பில் உள்ள கார்ட்னரெல்லா என்ற பாக்டீரியா டெனோஃபோவிரைத் தின்றுவிடுமாமே, நம் மாத்திரையிலும் அதுதானே இருக்கிறது என்று பயந்துபோயிருந்தார். 2017ல் வந்த அந்த ஆய்வு, தென்னாப்பிரிக்காவில் தொற்று வராமல் தடுக்கப் பெண்கள் உள்ளே தடவிய ஜெல்லைப் பற்றியது. லாக்டோபாசிலஸ் என்ற நல்ல பாக்டீரியா குறைந்த பெண்களுக்கு ஜெல் சரியாகக் காக்கவில்லை. வாயால் விழுங்கித் தடுக்கும் மாத்திரைக்கு அந்தப் பிரச்சனை இல்லை என்றும் அதே வருடம் இன்னொரு ஆய்வு காட்டியது. நாம் போடுவது வாய்வழி மாத்திரை. வெள்ளைப்படுதல், நாற்றம் இருந்தால் வெட்கப்படாமல் காட்டிச் சிகிச்சை எடுக்க வேண்டும், அது தனி.

இப்போது எடை ஏறியிருக்கிறது, பாலும் அரை டம்ளர் தாங்குகிறது, வெளியே ஹோட்டலில் காரமாகச் சாப்பிட்டால் மறுநாள் தெரிந்துவிடும். சென்டருக்குப் போகும்போது “வயிறு சரியில்லை” என்று மட்டும் சொல்லாதீர்கள். எத்தனை தடவை போகிறது, ரத்தம் உண்டா, எடை எவ்வளவு இறங்கியது, வேறு என்ன மாத்திரை போடுகிறீர்கள் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொண்டுபோங்கள், தனிச் சாயம் போட்டு மோஷன் பார்க்கலாமா என்று நீங்களே கேளுங்கள். நேரில் கேட்கத் தயக்கமாக இருந்தால் 1097 இலவச எண், தமிழிலேயே பேசலாம்.