திமிங்கிலத்தின் கணுக்கால்

போன ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பில் ஓர் எலும்பு அகப்பட்டது. ஆட்டின் பின்னங்கால் கணுவில் இருப்பது, பெரிய நெல்லிக்காய் அளவு. கழுவிப் பார்த்தால் மேலே ஒரு பள்ளம், கீழே ஒரு பள்ளம், இரண்டு கிணற்றுக் கப்பிகளை ஒட்டிவைத்த மாதிரி. அதை மேஜையில் வைத்ததற்கு வீட்டில் திட்டு விழுந்தது. ஆனால் திமிங்கிலம் யாருக்குப் பங்காளி என்ற நீண்ட சண்டையில் சாட்சி சொன்னது இந்த எலும்புதான்.

சாயலை வைத்துச் சொந்தம் பார்ப்பது வம்பு. சுறாவும் டால்பினும் ஒரே அச்சில் வார்த்தது போலிருக்கும், ஒன்று மீன், மற்றது குட்டி போட்டுப் பால் கொடுப்பது. தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகிற உடம்பு அந்த வடிவத்துக்கு வந்துதான் தீரும். பல்லும் இப்படித்தான் ஏமாற்றியது. ஆதித் திமிங்கிலங்களின் முக்கோணப் பல், மீசோனிக்கிட் என்ற அழிந்துபோன விலங்குக் கூட்டத்தின் பல்லை ஒத்திருந்ததால், 1960களிலிருந்து அவைதான் முன்னோர் என்று பலர் நம்பினார்கள்.

அப்புறம் 1990களில் டிஎன்ஏக்காரர்கள் வந்து நீர்யானையைக் கை காட்டினார்கள். எலும்புக்காரர்கள் ஒப்பவில்லை. இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஜப்பானில் நோரிஹிரோ ஒகாடா குழு செய்த வேலை. டிஎன்ஏவில் சில துண்டுகள் தம்மையே பிரதியெடுத்து வேறெங்கோ போய் ஒட்டிக்கொள்ளும், ஒட்டினால் பெரும்பாலும் அங்கேயே கிடக்கும். கிட்டத்தட்ட 300 கோடி எழுத்துகளுக்கு நடுவே, திமிங்கிலத்திலும் நீர்யானையிலும் சில துண்டுகள் அதே இடங்களில் உட்கார்ந்திருக்கின்றன. மாடு, பன்றி, ஒட்டகத்தில் அந்த இடங்கள் காலி. இரண்டு ஏட்டுச்சுவடிகளில் ஒரே இடத்தில் ஒரே பிழை இருந்தால் இரண்டும் ஒரே மூல ஏட்டைப் பார்த்து எழுதியவை என்று பதிப்பாசிரியர் சொல்வாரே, அதே கணக்கு. நீர்யானை திமிங்கிலத்துக்குப் பாட்டன் இல்லை, உயிரோடிருப்பவற்றில் மிக நெருங்கிய பங்காளி, அவ்வளவுதான்.

2001 செப்டம்பரில், பாகிஸ்தானில் கிடைத்த, கால் உள்ள ஆதித் திமிங்கிலங்களின் கணுக்கால் எலும்புகளைப் பற்றி இரண்டு குழுக்கள் ஒரே வாரத்தில் எழுதின. இரண்டு பக்கமும் கப்பி! ஆடு, மான், பன்றி, நீர்யானை வகையறாவின் முத்திரை அது. அதுவரை மீசோனிக்கிட் பக்கம் நின்ற, ஒரு குழுவின் தலைவரான ஃபிலிப் ஜிஞ்சரிச், தன் கருத்தை மாற்றிக்கொண்டார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்தியப் புவியியலாளர் ரங்கா ராவ் காஷ்மீரில் சேகரித்த பாறைகள் வருடக்கணக்கில் உடைக்கப்படாமலே கிடந்தன. அவர் இறந்தபின் அவருடைய மனைவி அவற்றை மற்றக் குழுவின் தலைவரான ஹான்ஸ் தெவிசனிடம் கொடுத்தார். உள்ளே இருந்தது இண்டோஹையஸ், பூனை அளவில் மான் மாதிரி, அழிந்துபோன ஒரு பிராணி. ஒரு மண்டையோட்டைச் சுத்தம் செய்யும்போது உதவியாளர் கைதவறி காதுப் பகுதியை உடைத்துவிட்டார். உடைந்த இடத்தில் தெரிந்த காதெலும்பின் உட்சுவர் தடித்திருந்தது, அதுவரை திமிங்கிலங்களில் மட்டுமே பார்த்திருந்த அந்தத் தடிப்பு.