பத்துக்குப் பத்து அறையிலிருந்து ஓர் இபி

எலக்ட்ரானிக் மியூசிக் ப்ரொட்யூசர் என்று சொன்னால் எங்கள் சொந்தக்காரர்கள் அடுத்துக் கேட்பது, "எந்தப் படத்துக்கு?" படம் இல்லை என்றால், "அப்ப டிஜேவா?" அதுவும் இல்லை என்றால் பேச்சு வேறு பக்கம் போய்விடும். நான்கு டிராக் கொண்ட குட்டி ஆல்பமான என் இபி, ஐரோப்பாவில் ஒரு சின்ன டான்ஸ் லேபிளில் (இசை வெளியீட்டு நிறுவனத்தில்) வெளிவந்த பிறகு, இதே வேலையில் இறங்க நினைக்கும் பலர் பேச வருகிறார்கள். அவர்கள் கேட்பதெல்லாம் என்ன மென்பொருள், என்ன ஸ்பீக்கர், எந்த ப்ளக்-இன் என்றுதான். அந்த இபி வெளியே வந்ததில் இவற்றின் பங்கு குறைவு. டிராக் கேட்க நன்றாக இருக்கிறது என்று ஆன பிறகும் பாதி வேலை மிச்சமிருந்தது. அந்தப் பாதியைத்தான் எழுத நினைக்கிறேன்.

சரி, கருவிகளை முதலில் முடித்துவிடலாம். ஏபிள்டன் லைவ் என்ற இசை மென்பொருள், 16 ஜிபி ராம் உள்ள லேப்டாப், இரண்டு மைக் சொருகும் ஆடியோ இன்டர்ஃபேஸ், சின்ன மிடி கீபோர்டு, 5 இஞ்ச் மானிட்டர் ஸ்பீக்கர் ஒரு ஜோடி, ஒரு நல்ல ஹெட்ஃபோன். எஃப்எல் ஸ்டுடியோ என்ற இன்னொரு மென்பொருளில் கை பழகியிருந்தால் அதிலேயே இருங்கள். ஒருமுறை வாங்கினால் அப்டேட் எல்லாம் இலவசம். இதற்கு மேல் வாங்க ஆசை வந்தால், அந்தப் பணத்தை அறைக்குச் செலவு செய்யுங்கள்.

அறை என்பதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. என் அறை பத்தடிக்குப் பத்தடி, உயரமும் கிட்டத்தட்ட பத்தடி. ஒலி காற்றில் நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். பத்தடி என்றால் 3.05 மீட்டர், ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவருக்குப் போய்த் திரும்ப 6.1 மீட்டர். 343-ஐ 6.1-ஆல் வகுத்தால் 56. அதாவது 56 ஹெர்ட்ஸ் சத்தம் வந்தால் அந்த அறையே சேர்ந்து அதிரும். சுவரோரம் நின்றால் அந்தச் சத்தம் வீங்கிக் கேட்கும், நட்ட நடுவில் நின்றால் காணாமல் போகும். நீளமும் அகலமும் உயரமும் ஒன்றாக இருந்தால் மூன்று பக்கத் தொல்லையும் அதே 56-இல் வந்து குவியும். ஹவுஸ், டெக்னோ போன்ற நடன இசையில் கிக் டிரம்மின் அடிநாதம் இருப்பதும் ஏறக்குறைய அங்கேதான். நடுவில் நாற்காலி போட்டு மிக்ஸ் செய்தால் கிக்கில் கனமே இல்லாததுபோல் இருக்கும், கை தானாக ஏற்றிவிடும். அதையே கிளப் ஸ்பீக்கரில் போட்டால் பாட்டில் வேறெதுவும் கேட்காது.

நாற்காலியை முன்சுவரிலிருந்து நாலடி தூரத்துக்கு நகர்த்தினேன். கட்டட இன்சுலேஷனுக்கு விற்கும் ராக்வுல் பலகைகளை வாங்கி, தையல்காரரிடம் காடாத் துணியில் உறை தைத்து, நான்கு மூலைகளிலும் தரையிலிருந்து கூரை வரை அடுக்கினேன். முட்டை அட்டையும் மெல்லிய ஃபோமும் கைதட்டலின் எதிரொலியைக் கொஞ்சம் குறைக்கும். 56 ஹெர்ட்ஸுக்கு அவை இருப்பதே தெரியாது. அப்புறம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓர் இடத்தில் சவுண்ட் பார்க்கும் நண்பர், மாலைக் கூட்டம் வருவதற்கு முன் பென் டிரைவைப் போட்டுக் கேட்க விடுவார். பெரிய சப்-வூஃபர் முன்னால் ஐந்து நிமிடம் நின்றால் தெரிந்துவிடும் விஷயம், வீட்டில் ஒரு வாரம் உட்கார்ந்தாலும் பிடிபடாது. அப்படி ஒரு நண்பரைச் சம்பாதித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இபியின் மூன்றாவது டிராக்குக்குத் தவில் வேண்டும் என்று முதலிலேயே முடிவு. சாம்பிள் பேக்கில், அதாவது தயாராகப் பதிந்து விற்கும் ஒலித் தொகுப்பில், கிடைக்கும் தவிலை உலகம் முழுக்க யார் வேண்டுமானாலும் போட்டிருப்பார்கள். இதில் இன்னொரு வம்பும் உண்டு. ஏற்கெனவே ஒருமுறை, முறையாகக் காசு கொடுத்து வாங்கிய லூப்பை (திரும்பத் திரும்ப ஓடவிடும் சின்ன இசைத் துண்டை) நான் யூடியூபில் போட்டபோது, அதே லூப்பைப் பயன்படுத்திய வேறொருவர் தன் பாட்டை, யூடியூப் உரிமையாளரைக் கண்டுபிடிக்கும் கன்டென்ட் ஐடியில் பதிந்து வைத்திருந்ததால் என் வீடியோ மேல் உரிமைகோரல் வந்தது. பலருக்கும் விற்கப்படும் லூப்பை அப்படிப் பதியவே கூடாது; ஆனாலும் பதிகிறார்கள், நாம்தான் ரசீதை வைத்துக்கொண்டு வாதாட வேண்டும். அதனால் ஆளை வைத்து வாசிக்கச் சொல்லலாம் என்று, கல்யாணங்களில் வாசிக்கும் ஓர் அண்ணனைக் கேட்டேன். சாலிகிராமத்தில் மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் ஸ்டுடியோவில் பதிவு.

தவிலின் வலப்பக்கமான வலந்தலையில் விரல்களில் கூடு மாட்டிக்கொண்டு அடிக்கிறார்கள். ஒவ்வோர் அடியும் ஊசிமாதிரி ஏறும். இடப்பக்கமான தொப்பியில் குச்சி. வலந்தலைக்கு ஓரடி தள்ளி கண்டென்ஸர் மைக், தொப்பிக்குக் கிட்டே டைனமிக் மைக். பதிவாகும் ஒலி அளவை மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் வைத்தேன், ஏனென்றால் ஒத்திகையில் அடிப்பதற்கும் உற்சாகம் வந்து அடிப்பதற்கும் எக்கச்சக்க வித்தியாசம். கிளிக் சத்தத்தை ஹெட்ஃபோனில் கேட்டதும் அண்ணனுக்கு எரிச்சல். "தம்பி, இந்த டிக்டிக்கை நிறுத்துங்க, கை கட்டிப்போட்ட மாதிரி இருக்கு." கிளிக்கை எடுத்துவிட்டு அதே வேகத்தில் ஷேக்கரும் மெல்லிய பேஸும் போட்டுக் கொடுத்தேன். அப்புறம் பிரச்சினையே இல்லை.

நான் கேட்டது ஏழு மாத்திரைக் கோர்வை. நிமிடத்துக்கு 124 பீட், நாலு நாலாக ஓடும் கிக். நாலு பீட் கொண்ட ஒரு பாருக்குப் பதினாறு சின்ன மாத்திரை. அதன்மேல் ஏழு ஏழாக வாசித்துக்கொண்டு போனால் ஒவ்வொரு சுற்றும் கிக்கை வேறொரு இடத்தில் சந்திக்கும். பதினாறு சுற்று முடியும்போது சரியாக ஏழு பார். எட்டாவது பாரில் என்ன செய்வது என்று நான் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருக்கும்போதே அண்ணன் சொல்லிவிட்டார்: நாலு மாத்திரைச் சொல் ஒன்றை மூன்று தடவை, நடுவில் இரண்டிரண்டு மாத்திரை விட்டு. பன்னிரண்டும் நாலும் பதினாறு. இப்படி மூன்று தடவை சொல்லி முடிப்பதுதான் தீர்மானம். அது முடிகிற இடத்தில் சமம், அதாவது தாளத்தின் முதல் அடி, அந்தச் சமத்தில்தான் என் டிராக்கில் பேஸ் மொத்தமாக இறங்குகிறது. இந்த டிராக்கைக் கேட்டவர்கள் எல்லோரும் குறிப்பிட்டுச் சொல்லும் இடம் அதுதான். அவர் வாசித்த அடிகளை மென்பொருளின் கட்டங்களுக்குள் இழுத்துப் பொருத்தவில்லை. அப்படிச் செய்தால் தவில் செத்துவிடும். தொப்பியில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டி, கிக் விழும்போதெல்லாம் ஒரு கணம் தொப்பி தணிந்து ஏறும்படி சைட்செயின் வைத்தது மட்டும்தான் என் வேலை.

சம்பளத்தை அன்றே கையில் கொடுத்தேன். கூடவே ஒரு பக்கத் தாளில், வாசித்ததைப் பயன்படுத்த அனுமதி, பெயர் எப்படி வர வேண்டும், அந்த டிராக்கின் இசையமைப்பில் அவருக்கு எத்தனை சதவீதம் என்று எழுதிக் கையெழுத்து வாங்கினேன். "இதுக்கெல்லாம் பேப்பரா தம்பி?" என்று சிரித்தார். அந்தத் தாள் இல்லாமல் லேபிளின் ஒப்பந்தத்தில் நான் கையெழுத்துப் போட்டிருக்க முடியாது. பாட்டில் உள்ள எல்லாவற்றுக்கும் உரிமை என்னிடம் இருக்கிறது என்று உறுதி கொடுக்கச் சொல்லும் பிரிவு எல்லா ஒப்பந்தத்திலும் உண்டு.

டெமோ அனுப்புவதற்கு முன் எல்லா டிராக்கையும் டிஜே கையில் நிற்கும்படி மாற்றி அடுக்கினேன். வீட்டில் கேட்க எழுதியவை பத்தாவது நொடியிலேயே மெலடியோடு தொடங்கிக்கொண்டிருந்தன. முந்தைய பாட்டோடு கலந்து கொண்டுவர டிஜேவுக்கு இடம் வேண்டும். அதனால் தொடக்கத்தில் 32 பார் கிக்கும் ஹை-ஹாட்டும் மட்டும், முடிவிலும் அப்படியே. 124 வேகத்தில் அது ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். ஸ்பாட்டிஃபையில் கேட்பவர் அந்த ஒரு நிமிடத்தைத் தாங்கமாட்டார், அவருக்குத் தனியாக ஒரு சின்ன வடிவம்.

லேபிள்களுக்கு எழுதும் மெயில் நாலு வரியைத் தாண்ட வேண்டியதில்லை. ஃபைலை இணைத்து அனுப்பினால் திறக்கவே மாட்டார்கள். சவுண்ட்கிளவுடில் பிரைவேட் லிங்க் போதும். அதில் எத்தனை முறை கேட்டிருக்கிறார்கள் என்று தெரியும் என்பதால் மனது அடித்துக்கொள்ளும், அது வேறு கதை. பெரும்பாலானவர்கள் பதிலே போடவில்லை. பதில் போட்டவர்கள் எல்லோருமே, அவர்கள் ஏற்கெனவே வெளியிட்ட இசைக்குப் பக்கத்தில் என் டிராக்கும் உட்காரும் என்று நான் கேட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுத்த லேபிள்கள். நூறு முகவரிக்கு ஒரே மெயிலைத் தட்டிவிடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

ஒப்பந்தம் வந்தது. செலவு போக மிஞ்சுவதில் பாதிக்குப் பாதி. சின்ன டான்ஸ் லேபிள்களில் இது பரவலான வழக்கம், அதில் குறை இல்லை. இடித்தது இரண்டு இடம். ஒன்று, பதிவின் உரிமை காலவரையின்றி அவர்களுக்கு. இரண்டு, "செலவு" என்பதற்கு உச்சவரம்பே இல்லை; விளம்பரம், கவர் படம், மாஸ்டரிங் (வெளியீட்டுக்கு முன் ஒலியைக் கடைசியாகச் சரிசெய்வது) எல்லாம் பங்கு பிரிப்பதற்கு முன்பே கழித்துக்கொண்டே போகலாம். வக்கீல் நண்பர் ஒருவர் படித்துப் பார்த்து, உரிமை இத்தனை ஆண்டு மட்டும் என்று வரம்பு போடு, செலவுக்கு ஒரு தொகையைக் கட்டு, இசையமைப்பு உரிமையைத் தொடாதே என்று எழுதிக் கொடுத்தார். கேட்டால் வாய்ப்பு போய்விடுமோ என்ற பயம் எனக்கு நிறையவே இருந்தது. இரண்டே மெயிலில் ஒத்துக்கொண்டார்கள். முதலில் அனுப்புவது அவர்களுக்குச் சாதகமான நகல், அவ்வளவுதான்.

மாஸ்டரிங் பற்றி அதிகம் சொல்ல இல்லை. மாஸ்டர் சேனலில் போட்டிருந்த, உச்சங்களை அமுக்கும் லிமிட்டரை எடுத்துவிட்டு, உச்சம் மைனஸ் 6 டெசிபலில் நிற்க, 24 பிட் வேவ் ஃபைலாக அனுப்பினேன். 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாம் மோனோவில் இருக்கிறதா என்று மட்டும் முன்பே பார்த்துவிடுங்கள்; பல கிளப்களில் சப்-வூஃபர் மோனோவில்தான் ஓடும், அகலமாக விரித்த பேஸ் அங்கே தன்னைத்தானே அடித்துக்கொண்டு மெலிந்துபோகும். சத்தப் போட்டியில் இறங்குவது ஸ்ட்ரீமிங்கில் வீண். ஸ்பாட்டிஃபை இயல்பான அமைப்பில் எல்லாப் பாட்டையும் சுமார் மைனஸ் 14 லஃப்ஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அளவு) என்ற அளவுக்குக் கொண்டுவந்துதான் ஒலிக்கவிடும்.

வெளியீட்டுக்கு முந்தைய வாரங்கள் முழுக்க குமாஸ்தா வேலை. ஒவ்வொரு பதிவுக்கும் அதன் அடையாளமான 12 எழுத்து ஐஎஸ்ஆர்சி எண், இசையமைப்பாளர் பெயர்களில் எழுத்துப்பிழை இல்லாமல் இருப்பது, டிஜேக்களுக்கு முன்கூட்டியே ப்ரோமோ. ப்ளேலிஸ்ட்களைத் தொகுக்கும் ஸ்பாட்டிஃபையின் ஆசிரியர் குழு பார்வைக்கு ஒரு டிராக்கை அனுப்ப நினைத்தால் வெளியீட்டுக்குக் குறைந்தது 7 நாள் முன்பே அனுப்பிவிட வேண்டும். அப்போதுதான் நம்மைப் பின்தொடர்பவர்களின் ரிலீஸ் ரேடார் என்ற புதுப் பாட்டுப் பட்டியலிலாவது அது நிச்சயமாக வரும்.

பதிவுக்கான பணம் லேபிள் வழியாக வருகிறது. இசையமைப்புக்கான பணம் வேறு வாய்க்கால். இந்தியாவில் அதை வசூலிப்பது 1969-இல் தொடங்கிய ஐபிஆர்எஸ் (இந்தியன் பெர்ஃபார்மிங் ரைட் சொசைட்டி) என்ற சங்கம். அதில் உறுப்பினராகி, ஒவ்வொரு பாட்டையும் பங்கு விவரத்தோடு பதிந்தால்தான் நம் பெயருக்குப் பணம் வரும். பாட்டின் உரிமையை எழுதிக் கொடுத்த பிறகும், அதை வாங்கியவரோடு இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் ராயல்டியில் சமபங்கு உண்டு என்பதை 2012-இல் வந்த பதிப்புரிமைச் சட்டத் திருத்தம் உறுதி செய்தது. அந்த உரிமையை வாரிசுக்கோ இப்படிப்பட்ட சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்க முடியாது. தெரிந்தவர்களில் பாதிப் பேர் இன்னும் சேரவில்லை. தவில் அண்ணனின் பான் கார்டையும் வங்கி விவரத்தையும் வாங்கி அவருக்கான விண்ணப்பத்தை நானே உட்கார்ந்து நிரப்பினேன். பெயரின் இனிஷியல் ஒவ்வோர் ஆவணத்திலும் ஒவ்வொரு விதம். தவிலை மிக்ஸ் செய்ததைவிட அதைச் சரிசெய்யத்தான் அதிகப் பொறுமை தேவைப்பட்டது.

இவ்வளவும் செய்து எவ்வளவு வந்தது என்று கேட்பீர்கள். ஸ்ட்ரீமிங்கில் வந்தது சொல்லிக்கொள்ளும்படி இல்லை. 2024 முதல், கடந்த 12 மாதத்தில் 1,000 முறையாவது கேட்கப்படாத டிராக்குக்கு ஸ்பாட்டிஃபை பதிவு ராயல்டி கணக்கிடுவதே இல்லை. இபியின் நாலாவது டிராக் அந்தக் கோட்டைத் தள்ளாடித்தான் தாண்டியது. டிஜேக்கள் பாட்டு வாங்கும் பீட்போர்ட் தளத்தில் விற்றதும், இசைஞரிடமே பாட்டு வாங்கும் பேண்ட்கேம்ப் தளத்தில் ஆட்கள் விரும்பிக் கூடுதலாகக் கொடுத்ததும் பரவாயில்லை.

என் வருமானம் சினிமா, விளம்பர வேலைகளுக்கான புரோகிராமிங்கிலிருந்து வருகிறது. இசையமைப்பாளர் ஹம் பண்ணி அனுப்பிய மெட்டுக்கு இரவோடிரவாக ரிதமும் சின்த்தும் கட்டிக் கொடுக்க வேண்டும். அங்கே திரும்பக் கூப்பிடுவார்களா என்பது ஃபைல்களைப் பார்த்தாலே முடிவாகிவிடும். எல்லா ஸ்டெம்மும் (ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனி ஃபைல்) ஒரே இடத்தில், முதல் பாரில் தொடங்க வேண்டும். ஃபைல் பெயரில் வேகமும் ஸ்ருதியும் இருக்க வேண்டும். படத்துக்கு என்றால் 48 கிலோஹெர்ட்ஸ், 44.1-இல் அனுப்பினால் அந்தப் பக்கம் ஒருவர் திட்டிக்கொண்டே மாற்றிக்கொண்டிருப்பார். சொன்ன நேரத்துக்கு அரை மணி முன்னால் லிங்க் போய்ச் சேர வேண்டும். இந்த வேலைகள்தான் வாடகையைக் கட்டுகின்றன. அவற்றுக்காக என்னை முதன்முதலில் அழைத்தவர்களில் பாதிப் பேர் அந்தத் தவில் டிராக்கைக் கேட்டுவிட்டு நம்பர் வாங்கியவர்கள்.